48 கடிதங்கள், 117 வாக்குகள்: தெரசா மே ஜெயித்த புதன்கிழமை

2018 டிசம்பர் 12, இரவு ஒன்பது மணி. லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் முதல் மாடியில் தேம்ஸ் நதியைப் பார்த்தபடி வரிசையாகக் கமிட்டி அறைகள் இருக்கும். அதில் 14ஆம் எண் அறையில், ஆளும் கன்சர்வேடிவ் கட்சி எம்.பி.க்களின் கமிட்டித் தலைவர் சர் கிரஹாம் பிராடி எழுந்து முடிவைப் படித்தார். கட்சிக்குப் பிரதமர் தெரசா மே மீது நம்பிக்கை இருக்கிறது என்று முதலில் சொன்னார். உடனே ஆரவாரம். அது அடங்கிய பிறகுதான் எண்களைச் சொன்னார்: ஆதரவு 200, எதிர்ப்பு 117.

கைதட்டலுக்கும் எண்ணுக்கும் இடையில் இருந்த அந்தச் சில நொடிகள்தான் மேயின் உண்மையான வெற்றிக் காலம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 83 வாக்கு வித்தியாசத்தில் வென்ற பிரதமர், விதிப்படி ஓராண்டுக்கு யாரும் தொட முடியாத பிரதமர், ஐந்தரை மாதத்துக்குள் வீட்டு வாசலில் நின்று ராஜினாமாவை அறிவித்தார். வென்றவர் ஏன் போனார், தோற்றவர்கள் எப்படித் தோற்காமல் இருந்தார்கள் என்பதை இங்கே பார்க்கலாம்.

சுருக்கமான என் பதில் இது: கட்சியின் முன்னால் இருந்த கேள்வி ஒன்று, வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி வேறொன்று. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற (பிரெக்ஸிட்) மே பேசி முடித்த ஒப்பந்தத்தைக் காட்டி ‘இது வேண்டுமா’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘இந்த அம்மா வேண்டுமா’ என்று கேட்டார்கள்.

கடிதப் பெட்டி

முதலில் அந்த விநோதமான நடைமுறை. கன்சர்வேடிவ் கட்சியின் பின்வரிசை (அமைச்சர் பொறுப்பில் இல்லாத) எம்.பி.க்களுக்கு ‘1922 கமிட்டி’ என்று ஓர் அமைப்பு உண்டு. பெயரைப் பார்த்து 1922இல் தொடங்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1922 தேர்தலில் புதிதாக வென்று வந்தவர்கள் 1923இல் தொடங்கியது. தலைவரை மாற்ற நினைக்கும் எம்.பி. இந்தக் கமிட்டியின் தலைவருக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அன்றைய விதிப்படி கட்சி எம்.பி.க்களில் 15 சதவீதம் பேர் கொடுத்துவிட்டால் ரகசிய வாக்கெடுப்பு. 2018இல் கட்சிக்கு 315 எம்.பி.க்கள். ஆக, தேவைப்பட்டவை 48 கடிதங்கள்.

எத்தனை கடிதம் வந்திருக்கிறது என்பது கமிட்டித் தலைவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வாயைத் திறக்க மாட்டார். கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்யலாம். வாங்கிக்கொண்டதையும் சொல்ல மாட்டார்கள். மொய் நோட்டை ஒரே ஒருவர் வைத்துக்கொண்டு, கல்யாணம் முடியும்வரை யாருக்கும் காட்டாமல் இருப்பதுபோல.

இந்த விதிகள் 1998இல் வில்லியம் ஹேக் தலைவராக இருந்தபோது வந்தவை. அதற்கு முன் போட்டியாளர் ஒருவர் நேரடியாக எதிர்த்து நிற்க வேண்டும். 1990இல் மார்கரெட் தாட்சரை மைக்கேல் ஹெசல்டைன் அப்படித்தான் எதிர்த்தார். தாட்சருக்கு 204, ஹெசல்டைனுக்கு 152. பாதிக்கு மேல் வாங்கியும், அன்றைய விதி கேட்ட 15 சதவீத இடைவெளிக்கு நான்கு வாக்கு குறைந்தது. இரண்டே நாளில் விலகுவதாக அறிவித்தார். 1995இல் ஜான் மேஜர் தானே தலைமைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு மறுபடி நின்று 218க்கு 89 என்று ஜெயித்தார். 1997 தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வியது. புதிய விதியின் கீழ் முதலில் சிக்கியவர் இயன் டங்கன் ஸ்மித். 2003இல் 75க்கு 90 என்று தோற்றுப்போனார். ஆனால் அவர் எதிர்க்கட்சித் தலைவர், பிரதமர் அல்ல. எதிர்க்கட்சியாக இருந்தபோது வகுத்த ஒரு விதி, நாட்டின் பேச்சுவார்த்தைக் கெடு தலைக்கு மேல் தொங்கும் நேரத்தில், பதவியில் இருக்கும் பிரதமர்மீது முதன்முறையாகப் பாய்ந்தது 2018இல்தான்.

அதில் இன்னொரு ஷரத்து இருந்தது. வென்ற தலைவரை அடுத்த 12 மாதத்துக்கு மறுபடி இப்படி அசைக்க முடியாது. நாகாஸ்திரத்தை ஒரு முறைக்கு மேல் விடக் கூடாது என்று கர்ணனிடம் குந்தி வாங்கிய வரம் நினைவுக்கு வருகிறதா? அதேதான். எப்போது விடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சண்டை எதைப் பற்றி

2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்க வேண்டும் என்றவர்கள் 48.1. மறுநாள் காலையே பிரதமர் டேவிட் கேமரன் விலகுவதாக அறிவித்தார். ஜூலையில் மே பிரதமரானார். ‘பிரெக்ஸிட் என்றால் பிரெக்ஸிட்தான்’ என்றார். சரி, அப்படியென்றால் என்ன என்று விளக்க வேண்டிய நாளை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டார். இடையில் 2017 ஜூனில், பெரும்பான்மையைப் பெருக்கிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே தேர்தலை வைத்து, இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். 317 இடங்கள். வட அயர்லாந்து பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்று சொல்லும் அங்குள்ள டி.யூ.பி. கட்சியின் 10 எம்.பி.க்கள் தயவில் ஆட்சி.

அந்தப் பத்துப் பேர்தான் கதையின் முடிச்சு. அயர்லாந்துத் தீவில் வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது, தெற்கே அயர்லாந்துக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பது. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, அதைக் கடக்க இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள். வட அயர்லாந்தின் பல்லாண்டு வன்முறையை முடித்துவைத்த 1998 பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தத்துக்குப் பிறகு ராணுவச் சாவடிகள் போய், எல்லை எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு ஆனது. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகினால் அங்கே சுங்கச் சோதனை வர வேண்டும். வந்தால் பழைய புண் கிளறப்படும்.

இதற்கு மேயும் பிரஸ்ஸல்ஸும் (அங்கே தலைமையகம் கொண்ட ஐரோப்பிய ஒன்றியமும்) கண்டுபிடித்த ஏற்பாடுதான் ‘பேக்ஸ்டாப்’. வேறு நல்ல தீர்வு கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதும் ஐரோப்பாவுடன் ஒரே சுங்கப் பகுதியில் இருக்கும், வட அயர்லாந்து கூடுதலாகச் சந்தை விதிகள் பலவற்றையும் பின்பற்றும். பிரிட்டன் தன்னிச்சையாக அதிலிருந்து வெளியே வர முடியாது. வெளியேறுகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, வாசல் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறீர்களே என்பதுதான் வெளியேற்ற ஆதரவாளர்களின் கோபம். வட அயர்லாந்துக்கு மட்டும் தனி விதியா என்பது டி.யூ.பி.யின் கோபம். இந்த விலைக்கு வெளியேறுவதைவிட உள்ளேயே இருக்கலாமே என்பது ஐரோப்பிய ஆதரவாளர்களின் கோபம். மூன்று கோபங்களும் மூன்று திசையில் இழுத்தன. ஆனால் ஒப்பந்தத்தை வீழ்த்தும் வாக்கில் மட்டும் மூன்றும் ஒரே வரிசையில் நிற்க முடியும். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 14 அன்று ஒப்பந்தத்தின் 585 பக்க வரைவு வந்தது. மறுநாள் பிரெக்ஸிட் அமைச்சர் டொமினிக் ராப் விலகினார். வெளியேற்ற ஆதரவாளர்களில் முன்னணியில் நின்ற கன்சர்வேடிவ் எம்.பி. ஜேக்கப் ரீஸ்-மாக் தன் கடிதத்தை அன்றே கொடுத்துவிட்டு நாடாளுமன்ற வாசலில் நின்று பேட்டியும் கொடுத்தார். அடுத்த நாளே 48 வந்துவிடும் என்று பேச்சு. வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, அப்போதும் வரவில்லை. கிளர்ச்சிக்காரர்களுக்குத் தங்கள் தலையையே எண்ணத் தெரியவில்லை என்று பத்திரிகைகள் சிரித்தன.

வெளியே, நாடாளுமன்றத்துக்கு எதிரே இருக்கும் புல்வெளி முழுக்கத் தொலைக்காட்சிக் கூடாரங்கள். நேரலையில் யார் என்ன பேசினாலும் பின்னணியில் ‘ஸ்டாப் பிரெக்ஸிட்’ என்று ஒரு குரல் கேட்கும். அந்தப் பக்கம் வெளியேறு என்ற பதாகைகள். மேயும் எதிர்க்கட்சியான லேபரின் தலைவர் ஜெரமி கோர்பினும் டிசம்பர் 9 அன்று தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதிப்பதாக இருந்தது. எந்தத் தொலைக்காட்சி, என்ன வடிவம் என்பதில் ஒத்துப்போகாமல் அதுவும் நடக்கவில்லை. தேசமே விவாதித்துக்கொண்டிருந்த விஷயத்தை இரண்டு தலைவர்களால் ஒரு மேடையில் விவாதிக்க முடியாமல் போனது அந்தக் காலத்துக்குப் பொருத்தமான படம்தான்.

மூன்று நாட்கள்

கடிதங்கள் ஏன் டிசம்பரில் திடீரென்று நிரம்பின? இரண்டு காரணங்கள். ஒன்று, அரசின் தலைமை வழக்கறிஞர் ஜெஃப்ரி காக்ஸ் கொடுத்த சட்டக் கருத்து. அதை வெளியிட மறுத்ததற்காக டிசம்பர் 4 அன்று அரசே நாடாளுமன்ற அவமதிப்புக்கு உள்ளானது. வாக்கு 311க்கு 293. மறுநாள் வெளியிட்டார்கள். பேக்ஸ்டாப் காலவரையின்றி நீடிக்கலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. கிளர்ச்சிக்காரர்கள் தொண்டை கிழியச் சொன்னதை அரசின் சொந்த வக்கீலே எழுதிக் கொடுத்ததுபோல ஆயிற்று.

இரண்டாவது, டிசம்பர் 10 திங்கள். ஒப்பந்தத்தின் மீதான வாக்கெடுப்பு மறுநாள் நடக்க வேண்டும். நிச்சயம் நடக்கும் என்று காலையில்கூட அமைச்சர் ஒருவர் வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார். பிற்பகலில் மே அவைக்கு வந்து, இப்போது வாக்கெடுத்தால் பெரிய வித்தியாசத்தில் தோற்போம், ஆகவே தள்ளிவைக்கிறேன் என்றார். நேர்மையான வாக்குமூலம்தான், ஆனால் அதுவரை 164 உறுப்பினர்கள் விவாதத்தில் பேசி முடித்திருந்தார்கள். இத்தனை பேர் பேசிய பிறகு நிறுத்துவது அவைக்கு மரியாதையில்லாத காரியமாகப் பலருக்குத் தோன்றும் என்று சபாநாயகர் ஜான் பெர்கோ முகத்துக்கு நேராகவே சொன்னார். அன்று மாலை லேபர் உறுப்பினர் லாயிட் ரஸ்ஸல்-மாயில், அவையின் அதிகாரத்துக்கு அடையாளமான செங்கோலை மேசையிலிருந்து தூக்கிக்கொண்டு வெளியே நடக்க ஆரம்பித்தார். ஊழியர்கள் பக்குவமாக வாங்கித் திரும்ப வைத்தார்கள். அந்த நாள் முழுவதற்கும் அவரை வெளியே அனுப்பினார் சபாநாயகர். வேடிக்கையாகத் தெரிந்தாலும் அவர் செய்துகாட்டிய அர்த்தம் கூர்மையானது: வாக்களிக்க விடாத அவைக்குச் செங்கோல் எதற்கு?

செவ்வாய்க்கிழமை மே ஐரோப்பாவுக்குப் பறந்தார். ஹேக் நகரில் நெதர்லாந்துப் பிரதமர் ருட்டே, பெர்லினில் ஜெர்மன் சான்சலர் மெர்க்கெல், பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைவர்கள் டஸ்க், யுங்கர். பெர்லினில் மெர்க்கெல் சிவப்புக் கம்பளத்தில் காத்து நிற்க, மேயின் கார் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளே பிரிட்டனின் பிரதமர், வெளியே ஆட்கள் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியேற முடியாத பிரிட்டன் என்று அன்று இணையமே சிரித்தது. சொந்த ஊரில் பிராடியின் பெட்டி நிரம்பிவிட்டிருந்தது. அன்றிரவு அவர் மேயிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார்.

புதன் காலை ஒன்பது மணிக்குள் மே டவுனிங் தெருவில் மைக் முன்னால் நின்றார். தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் கொண்டு எதிர்கொள்வேன் என்றார். அவர் வைத்த வாதம் கவனிக்க வேண்டியது: ஒப்பந்தம் நல்லது என்பதைவிட, இப்போது தலைவரை மாற்றினால் ஜனவரி 21 என்ற சட்டக் கெடுவுக்குள் புதியவர் வந்து சேர முடியாது, பிரெக்ஸிட்டே தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும் என்பதற்குத்தான் அழுத்தம் கொடுத்தார். நேரத்தைக் காட்டி வாக்குக் கேட்டார். மாலைக்குள் பாதிக்கு மேற்பட்ட எம்.பி.க்கள் பகிரங்கமாக ஆதரவு தெரிவித்துவிட்டார்கள். ஐந்து மணிக்கு 1922 கமிட்டியில் பேசும்போது, அடுத்த பொதுத்தேர்தலில் கட்சிக்குத் தலைமை தாங்க மாட்டேன் என்றும் சொன்னார். ஆறு மணி முதல் எட்டு மணி வரை வாக்கெடுப்பு.

ஒரு சிறு தகவல். பாலியல் புகார்களால் கட்சிக் கொறடாவின் பட்டியலிலிருந்து நீக்கிவைக்கப்பட்டிருந்த இரண்டு எம்.பி.க்களை அன்று அவசர அவசரமாகத் திரும்பச் சேர்த்தார்கள். 315 ஆக இருந்தது 317 ஆனது அப்படித்தான். எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர்கள் இதைச் சும்மா விடவில்லை. 83 வாக்கில் வென்ற ஒருவருக்கு அந்த இரண்டு தேவையே இல்லை. ஆனால் அன்று மதியம் அரசுக் கொறடாக்களுக்கு எவ்வளவு பயம் இருந்தது என்பதை அந்த இரண்டும் சொல்லிவிடுகின்றன.

117ஐ எப்படிப் படிப்பது

200 என்பது 63 சதவீதம். ஆனால் அமைச்சர்கள், துணை அமைச்சர்கள், அவர்களுடைய நாடாளுமன்ற உதவியாளர்கள் என்று அரசுப் பொறுப்பில் இருந்தவர்களே நூறுக்கும் வெகு மேலே. தலைவர் போனால் தங்கள் பதவியும் ஆட்டம் காணும் ஆட்கள் அவர்கள். அவர்களைக் கழித்துவிட்டால் பின்வரிசையில் பெரும்பான்மை மேக்கு எதிராகத்தான் இருந்தது, பேசாமல் ராணியிடம் போய் ராஜினாமா செய்யட்டும் என்று அன்றிரவே ரீஸ்-மாக் வாதிட்டார். ரகசிய வாக்கு என்பதால் இது கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான். இருந்தாலும் தோற்றவர் வாயிலிருந்து வந்த சரியான கணக்கு என்றே நினைக்கிறேன்.

மறுநாள் பிரஸ்ஸல்ஸ் போனவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கட்சிக்குள் 117 பேர் எதிர்க்கும் ஒருவருக்கு விட்டுக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று அவர்களும் யோசித்திருப்பார்கள். பிரிட்டனுடன் நடக்கும் விவாதம் மங்கலாக இருக்கிறது என்ற பொருளில் யுங்கர் சொன்ன ஒரு சொல் மேயைச் சுட்டது. கேமராக்கள் முன்னால் அவரை நிறுத்தி வைத்துக் கேட்டுவிட்டார். ஒலி இல்லாத காட்சி. உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்துச் செய்தி நிறுவனங்கள் உரையாடலைத் தேடிக்கொண்டிருந்தன.

2019 ஜனவரி 15 அன்று தள்ளிவைத்த வாக்கெடுப்பு வந்தது. ஆதரவு 202, எதிர்ப்பு 432. வித்தியாசம் 230. நவீன பிரிட்டனில் எந்த அரசும் இப்படித் தோற்றதில்லை. எதிர்த்து வாக்களித்த கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் 118. டிசம்பரில் 117, ஜனவரியில் 118. இரண்டும் அதே ஆட்கள் என்று சொல்லத் தோன்றும், ஆனால் அப்படியல்ல. ஐரோப்பிய ஆதரவு எம்.பி.க்கள் சிலர், அடுத்து வருபவர் இன்னும் கடுமையானவராக இருப்பார் என்று பயந்து டிசம்பரில் மேயைக் காப்பாற்றியிருக்கலாம். ஜனவரியில் அவர்கள் ஒப்பந்தத்துக்கு எதிரே நின்றார்கள். மூன்று கோபங்களும் ஒரே வரிசையில் நிற்கும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

அடுத்த நாள் நடந்தது இன்னும் விசித்திரம். கோர்பின் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 306க்கு 325 என்று தோற்றது. முந்தைய இரவு அரசை வரலாற்றுத் தோல்வியில் தள்ளிய 118 பேரும், டி.யூ.பி.யின் பத்துப் பேரும் அரசுக்கு ஆதரவாக நின்றார்கள். நம் நாட்டில் கொறடா உத்தரவை மீறினால் எம்.பி. பதவிக்கே ஆபத்து. அங்கே அப்படிச் சட்டம் இல்லை. அதனால் ஒரே ஆள் டிசம்பரில் தலைவரை எதிர்த்து, ஜனவரி 15இல் ஒப்பந்தத்தை எதிர்த்து, 16இல் ஆட்சியை ஆதரிக்க முடிந்தது. ரீஸ்-மாக் மூன்றையும் செய்தார். தலைவர் வேண்டாம், ஒப்பந்தம் வேண்டாம், தேர்தலும் வேண்டாம். இந்த மூன்று ‘வேண்டாம்’களையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

இங்கேதான் கிளர்ச்சிக்காரர்களின் தவறு தெரிகிறது. ஒரே ஒரு மாதம் பொறுத்து, 230 வாக்குத் தோல்விக்கு மறுநாள் கடிதங்களைக் கொடுத்திருந்தால் மே தப்பியிருப்பாரா? சந்தேகம்தான். அவர்கள் அஸ்திரத்தை முன்னாலேயே விட்டுவிட்டார்கள். விதி அவர்கள் கையைக் கட்டிவிட்டது.

கவசம்

அப்படியானால் அந்த ஓராண்டுக் கவசம் மேக்கு உதவியதா? நாற்காலியில் உட்கார உதவியது. கூடவே, அவரை அகற்ற முடியாதவர்களுக்கு அவருடைய ஒப்பந்தத்தை வீழ்த்துவது ஒன்றே வழியாக ஆனது. வெளியே பேச்சும் கசந்துகொண்டே போயிற்று. ஜனவரி 7 அன்று அன்னா சூப்ரி என்ற கன்சர்வேடிவ் எம்.பி. அந்தப் புல்வெளியில் நேரலைப் பேட்டி கொடுக்கும்போது, அவரை நாஜி என்று கோஷம் போட்டார்கள்.

மார்ச் 12 அன்று இரண்டாவது தோல்வி, 149 வித்தியாசத்தில். மார்ச் 27 அன்று மே மறுபடி 1922 கமிட்டிக்கு வந்தார். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தாருங்கள், நான் விலகிக்கொள்கிறேன் என்றார். டிசம்பரில் அடுத்த தேர்தலை விட்டுக்கொடுத்துத் தலைமையைக் காப்பாற்றினார். மார்ச்சில் தலைமையையே கொடுத்து ஒப்பந்தத்தைக் காப்பாற்றப் பார்த்தார். ஏற்கெனவே அடகுக்கடையில் இருக்கும் நகையின் மேல் இன்னும் கொஞ்சம் கடன் கேட்பதுபோல. பலன் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தை எதிர்த்துப் பதவி விலகிய ராப், போரிஸ் ஜான்சன், ஏன் ரீஸ்-மாக்கேகூட, மார்ச் 29 அன்று அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அப்படியும் 286க்கு 344 என்று தோல்வி. பிரிட்டன் வெளியேறியிருக்க வேண்டிய தேதி அது.

அந்த ஒப்பந்தம் மோசம் என்று நான் நினைக்கவில்லை. அவ்வளவு நெருக்கடிக்குள் வேறு யார் பேசியிருந்தாலும் ஏறக்குறைய அங்கேதான் வந்திருப்பார்கள். அதை வாங்க ஆள் இருக்கிறதா என்று நாடாளுமன்றத்தில் முதலிலேயே கேட்காமல் விட்டதுதான் பிழை. டிசம்பர் 12 வெற்றி அந்தக் கேள்வியை இன்னும் ஒரு மாதம் மறைத்துவைத்தது.

பின்னாளில் பிரதமரான ஜான்சனுக்கும் இந்தப் பாடம் கிடைத்தது. 2022 ஜூன் 6 அன்று அதே நடைமுறையில் 211க்கு 148 என்று ஜெயித்தார். ஒரு மாதம் கழித்து விலகுவதாக அறிவித்தார்.

மேயின் விஷயத்தில் கட்சி விதியையே மாற்றலாமா என்று 1922 கமிட்டி நிர்வாகிகள் 2019 ஏப்ரலில் யோசித்தார்கள். சிறிய வித்தியாசத்தில் வேண்டாம் என்று முடிவானது. மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வெளியேறியிருக்க வேண்டிய நாடு ஒன்றியத்தின் தேர்தலுக்கு ஓட்டுப் போடுகிறது. சில வாரங்களுக்கு முன்பு தொடங்கிய நைஜல் ஃபராஜின் பிரெக்ஸிட் கட்சி 29 இடம் பிடிக்கப்போகிறது, ஆளும் கட்சி நான்கு இடத்தோடு ஐந்தாவது இடத்துக்குப் போகப்போகிறது. முடிவு வருவதற்கு முன்பே எல்லாருக்கும் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தது.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், மே 22 அன்று, 1922 கமிட்டி நிர்வாகிகள் மறுபடி கூடினார்கள். ஓராண்டு விதியை மாற்றலாமா என்று ரகசியமாக வாக்களித்து, சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டிவைத்தார்கள். ஜூன் 10க்குள் விலக மே சம்மதிக்காவிட்டால் மட்டுமே உறைகளைப் பிரிப்பது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை 24 காலை பிராடி டவுனிங் தெருவுக்குப் போனார். சற்று நேரத்தில் மே வெளியே வந்து, ஜூன் 7 அன்று கட்சித் தலைமையிலிருந்து விலகுகிறேன் என்றார். நான் நேசிக்கும் நாடு என்று சொல்லும்போது குரல் உடைந்தது, சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டார். அந்த உறைகளைப் பிரிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.